விளக்கில்லாத மேசை

"எங்கிட்ட ரெண்டு ராஜா இருக்கு. தைரியமிருந்தா வாங்க" என்று சொன்ன மறுநொடியே இசக்கியம்மாளுக்கு விக்கல் வந்துவிட்டது.

அவள் கையில் இருந்த சீட்டு கிளாவர் ரெண்டும் ஆட்டின் ஏழும்தான். போக்கரில் அதைவிட உருப்படாத கை கிடையாது. திரையில் பச்சை மேசையைச் சுற்றித் தெரிந்த மூன்று முகங்களும் அவளை உற்றுப் பார்த்தன.

"ஏட்டி இசக்கி, விக்குறது நீயா, ராஜாவா?" என்று கேட்டான் கோயில்பிள்ளை. நாகர்கோவிலில் கணக்கு வாத்தியார்.

நூருல் அமீன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். குலசை ராக்கெட் ஏவுதளத்தில் எரிபொருள் வால்வுகளுக்குப் பொறுப்பானவன். பணியில் சிரிக்காதவன் என்று பெயர் எடுத்தவன். நான்காமவன் வெயிலுமுத்து மட்டும் எதுவும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் தன் அறையில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் மூன்று ஏஸ் சேர்ந்திருந்தன. ஆனால் எல்லோரும் ஒரு தடவை அவன் பக்கம் திரும்பியதும் பதறிப்போய்ச் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுவிட்டான்.

தூத்துக்குடி பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த நான்கு பேர். நாற்பதைத் தொட்டவர்கள். நால்வரும் பொய் சொல்லி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. எப்படிச் சொல்வது என்பதே மறந்துபோயிருந்தது.

எல்லாம் மெய்விளக்கு செய்த வேலை. போலிக் குரலிலும் போலி முகத்திலும் அழைத்து ஊரையே ஏமாற்றிய காலத்தில் அது வந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான். பேசுபவரின் குரல் நடுக்கத்தையும், கண்மணி விரிவதையும், தோலுக்கு அடியில் ஓடும் நாடியையும் ஒருசேரப் படிக்கும். உண்மை என்றால் பச்சை. ஐயம் என்றால் மஞ்சள். பொய் என்றால் சிவப்பு. முதலில் வங்கிகளில் வந்தது. பிறகு நீதிமன்றம், தேர்தல் மேடை, கடைசியில் எல்லோருடைய கழுத்துப்பட்டியும். வீட்டுக்குள் கழற்றி வைக்கலாம். ஆனால் யாரையாவது அழைத்தால் திரையே உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கை ஏற்றிவிடும்.

மோசடி ஒழிந்தது, உண்மைதான். கூடவே வேறு பலதும் ஒழிந்தன. "இந்தச் சோப்பு ஓரளவு அழுக்கு நீக்கும்" என்று விளம்பரம் வந்தது. கல்யாணப் பந்தியில் யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் "குழந்தை பிறந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். "பதில் சொல்ல மனமில்லை" என்பதுதான் நாட்டிலேயே அதிகம் பேசப்பட்ட வாக்கியம். சீட்டாட்டத்தில் போக்கர் அடியோடு போயிற்று. கையில் ஒன்றுமில்லாமல் உதார் விடுவதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். கழுத்தில் சிவப்பு எரிந்துகொண்டிருக்கும்போது என்ன உதார் விடுவது?

இசக்கிக்கு வழி கிடைத்தது அவள் வேலையிலிருந்து. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவள் பராமரிப்புப் பொறியாளர். அங்குள்ள பம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு மேகக்கூடத்தைப் பயன்படுத்தின. எங்கோ தொலைவில் வரிசை வரிசையாக அடுக்கி வைத்த கணினிகள். வேண்டுமளவுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம். மனிதர் பேசும் எந்தத் தடத்திலும் மெய்விளக்கு கட்டாயம் என்றது சட்டம். இயந்திரங்கள் பேசும் தடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இயந்திரம் பொய் சொல்லாது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

அவள் தன் பெயரில் அந்தக் கூடத்தில் இருப்பதிலேயே சின்னக் கணினி ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஓடும், மற்ற நேரம் தூங்கும். மாத வாடகை டீக்கடைக் கணக்கைவிடக் குறைவு. பழைய காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாக விட்டுப்போன போக்கர் நிரலை அதில் ஏற்றினாள். எல்லாக் கதவுகளையும் அடைத்து ஒன்றை மட்டும் திறந்து வைத்து, அதன் சாவியை மூன்று பேருக்கு அனுப்பினாள். முகமும் குரலும் இயந்திரத் தடத்தின் வழியாகவே போகும்படி செய்தாள். மேகக்கூடத்தைப் பொறுத்தவரை அங்கே நான்கு பம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன.

"நான் எத்தனாம் நம்பர் பம்பு?" என்று கேட்டான் அமீன்.

"மூணு. கசியுத பம்பு."

பணம் வைக்கக் கூடாது என்பது இசக்கி போட்ட ஒரே விதி. சில்லுகளுக்குப் பதில் கடலைமிட்டாய்ப் படங்களை வரைந்து வைத்தாள். மாதக் கடைசியில் யாரிடம் அதிகம் இருக்கிறதோ, அவருக்கு மற்றவர்கள் ஒரு பெட்டி மக்ரூன் அனுப்ப வேண்டும்.

முதல் சில வாரங்கள் கூத்தாக இருந்தன. பொய் சொல்ல வேண்டிய இடத்தில் கோயில்பிள்ளை மன்னிப்புக் கேட்டான். அமீன் நல்ல கை வந்தாலும் சிரித்தான், கெட்ட கை வந்தாலும் சிரித்தான். ஆனால் உடம்பு எதையும் பழகிக்கொள்ளும். மெல்ல மெல்ல விக்கல் நின்றது. குரல் நின்று பேசியது. ஒரு ஞாயிறன்று வெயிலுமுத்து, கையில் ஒரு மண்ணும் இல்லாமல், தன்னிடமிருந்த கடலைமிட்டாய் மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிட்டு, "இசக்கி, நீ கவுத்துட்டேன்னா ஒனக்கு நல்லது, அவ்ளோதான் சொல்லுவேன்" என்றான். இசக்கி நல்ல கையைக் கவிழ்த்தாள். பிறகு அவன் சீட்டைத் திருப்பிக் காட்டியபோது மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கைதட்டியதற்குக் காரணம் இருந்தது. விளக்கிடம் அதிகம் அடிவாங்கியவன் வெயிலுமுத்து. பிறவியிலேயே படபடப்பு. பெயர் கேட்டால்கூட அவன் விளக்கு மஞ்சளில் துடிக்கும். "வெயிலுமுத்து" என்று அவன் சொல்ல, நேர்காணலில் இருப்பவர்கள் விளக்கைப் பார்த்துவிட்டு, "உண்மைப் பெயரைச் சொல்லுங்க" என்பார்கள். அதனால்தான் மனிதர்களோடு பேச வேண்டாத மோட்டார் ஆலையில் போய் ஒதுங்கினான். அவன் வாயிலிருந்து வந்த உண்மைகளில் பாதி பொய்க் கணக்கில் போயிருந்தன.

அந்த மேசை தங்களை என்ன செய்திருக்கிறது என்று இசக்கிக்குத் தெரிந்தது ஒரு மத்தியானச் சாப்பாட்டில்.

அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். மதினி உளுந்தங்களி கிண்டியிருந்தார். கருப்பட்டிப் பாகு முறிந்து, நல்லெண்ணெய் மிதந்து, ஒரு மாதிரி சிமெண்டு கலவைபோல இருந்தது. மதினி யாரிடமும் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டால் "பதில் சொல்ல மனமில்லை" என்று வரும், அதற்குக் கேட்காமலே இருக்கலாம். அன்று இசக்கி தானாகவே, ஏதோ மேசை ஞாபகத்தில், "மதினி, களி அருமையா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் பொத்தான் கழுத்தில் இருப்பது உறைத்தது. அண்ணனின் பார்வை அவள் கழுத்துக்குப் போனது. அவளும் குனிந்து பார்த்தாள்.

பச்சை.

மதினி கரண்டியை வைத்துவிட்டு நின்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் சமையலுக்குப் பச்சை விழுந்தது அன்றுதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு உருண்டை வைக்கட்டுமா?" என்றார். இசக்கி வாங்கிக்கொண்டாள். தப்பிக்க வழியில்லை.

அடுத்த ஞாயிறு மேசையில் அவள் இதைச் சொன்னதும் கோயில்பிள்ளை, "அப்ப எனக்கு மட்டும் இல்லயா!" என்று கத்தினான். அவன் வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கென்றாலே அழும். "நீ பெரிய ஆளா வருவட்டி" என்று அதனிடம் சொன்னானாம். அவனுக்கே நம்பிக்கையில்லை. விளக்கு பச்சை. அந்தப் பிள்ளை அன்றிலிருந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

"வெளக்கு பொய்யப் பிடிக்கலடே" என்றான் அமீன், வால்வு பார்க்கிறவனின் நிதானத்தோடு. "பயத்தப் பிடிக்கு. நமக்குப் பயம் விட்டுப்போச்சு. அவ்ளோதான்."

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நால்வரும் ஊரிலேயே இனிமையான மனிதர்களாக இருந்தார்கள். அவரவர் ஊரில் குழந்தைகள் அழகாயின. பாட்டுப் பாடுகிறவர்களுக்குக் குரல் வளம் வந்தது. பச்சை விளக்கோடு கிடைக்கும் பாராட்டுக்கு இருந்த மதிப்பே வேறு. மனிதர்கள் அதைக் கேட்டுவிட்டு ஒரு சுற்று பெருத்துத் திரும்பினார்கள்.

ஆனால் ஆண்கள் மூவரும் அதோடு நிற்கவில்லை. சாதாரண அழைப்பில், பச்சை விளக்கோடு, ஒருவரை ஒருவர் ஏமாற்றினால் கடலைமிட்டாய் என்று புது ஆட்டம் தொடங்கினார்கள். அமீன் தன்னை நிலாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றான். இசக்கி நம்பி வழியனுப்பு விழாவுக்குச் சேலைகூட எடுத்துவிட்டாள். கோயில்பிள்ளை வேலையை விட்டுவிட்டுச் சர்க்கஸில் சேர்ந்ததாகச் சொன்னான். அதையும் நம்பினாள். இருபது ஆண்டுப் பழக்கம். பச்சையைப் பார்த்தால் மனசு தானாகத் தலையாட்டிவிடுகிறது. மூன்றாவது தடவை ஏமாறக் கூடாது என்று அவள் முடிவெடுத்திருந்த வாரத்தில்தான் வெயிலுமுத்து அழைத்தான்.

ஆலையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரையில் அவன் முகம். பக்கத்தில் விளக்கு, அசையாத பச்சை.

"இசக்கி, ஒரு விஷயம். பாலிடெக்னிக் படிக்கையிலேயே சொல்லணும்னு இருந்தேன். ஒன்னக் கெட்டிக்கிடணும்னு எனக்கு ஆசை. இன்னைக்கும் அதே ஆசைதான்."

குரலில் ஒரு பிசிறில்லை. அவன் இப்படி ஒரு முழு வாக்கியம் தடுமாறாமல் பேசி அவள் கேட்டதேயில்லை, மேசையைத் தவிர. கால் கழுவிய சொம்பைக் கீழே வைத்தாள். உடனே நிலாவும் சர்க்கஸும் ஞாபகத்துக்கு வந்தன.

"ஏ அப்பா! இதான் இருக்கதுலயே பெரிய பீலா. ஒனக்கு எல்லாக் கடலமுட்டாயும் தாரேன் போ" என்று சிரித்தாள்.

"சரி" என்றான் அவன். திரை அணைந்தது.

ஞாயிறன்று மேசைக்கு அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான்காம் பம்பு பேசவில்லை என்று மேகக்கூடம் அவளுக்கு எச்சரிக்கை அனுப்பியது.

"லேய், நெசமா சொல்லுங்க. அவன் சொன்னது ஒங்க பந்தயம்தான?" என்று மற்ற இருவரிடமும் கேட்டாள்.

"பந்தயமா? எந்தப் பந்தயம்?" என்றான் கோயில்பிள்ளை. அவள் விஷயத்தைச் சொன்னதும் அவனே பதறினான். "சத்தியமா இல்லட்டி. அவன் ஒன்னப் பத்தி எங்ககிட்ட வாயே தொறந்ததில்ல."

"வெளக்குல சொல்லுங்க."

மேசையை விட்டுச் சாதாரண அழைப்பில் வந்து சொன்னார்கள். இரண்டு முகத்துக்கும் பச்சை. இசக்கி அந்த இரண்டு புள்ளிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். உண்மையாக இருக்கலாம். இன்னொரு நிலாவாகவும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள இனி எந்த விளக்கும் இல்லை. அவர்கள் விளக்கைக் கெடுத்தது அவள்தான். தன் கையால் வாடகைக்கு எடுத்து, தன் கையால் கதவு திறந்து, சாவியும் அனுப்பியவள்.

அன்று ஆலையில் ஒரு பம்பை மாற்றிப் பூட்டி, திரும்பக் கழற்றி, மறுபடி பூட்டினாள். அவன் சொன்னது பொய் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். உண்மை என்றால்? அப்படி ஒரு வார்த்தைக்கு நான் சிரித்தேனா? இரண்டில் எது நிஜமாக இருக்க ஆசைப்படுகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது, பதில் சொல்லத் தனக்கு மனமிருக்கிறது என்பதைக் கண்டு அவளே திகைத்தாள்.

அவனுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினாள். 'திரையில் வேண்டாம். நேரில் வந்து சொல்லு.'

சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினான். தூத்துக்குடி நிலையத்தில் கூட்டம் வடிந்த பிறகும் பையைத் தோளிலேயே போட்டுக்கொண்டு நின்றான். ஊதாச் சட்டை, அதைவிடப் பொருந்தாத பேண்ட். கழுத்தில் பொத்தான். இசக்கி எதிரே போய் நின்றதும் அவன் வாயைத் திறந்தான், மூடினான். நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக வந்தது.

"சொல்லு" என்றாள்.

"இசக்கி... நான்... ஒன்னக்..."

விளக்கு மஞ்சளுக்குப் போனது. துடித்தது. அவன் குனிந்து அதைப் பார்த்துவிட்டு இன்னும் பதறினான். "ஒன்னக் கெட்டிக்கிடணும்னு..." என்று முடிப்பதற்குள் பொத்தான் சிவப்பைத் தொட்டுவிட்டு மீண்டும் மஞ்சளுக்கு வந்து நடுங்கியது.

"பாத்தியா" என்றான், அழாத குறையாக. "இதுக்குப் பயந்துதான் இத்தன வருஷம் சொல்லல. சொன்னா இது மஞ்சளடிக்கும், நீ பொய்னு நெனச்சுருவ. ஒம் மேசைக்கு வந்ததே இதுக்குத்தான். பொய் சொல்லப் பழகினா இந்த ஒண்ணையாவது பச்சையா சொல்லிரலாம்னு பாத்தேன். போன்ல சொல்ல முடிஞ்சுது. நீ முன்னால வந்து நின்னதும் எல்லாம் போச்சு."

இசக்கி அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒன்றுமில்லாமல் எல்லாக் கடலைமிட்டாயையும் நடுவில் தள்ளிவிட்டுக் கல்லாக உட்கார்ந்திருப்பவன் இவன். நினைத்தால் எந்தப் பொய்யையும் பச்சையில் சொல்லிவிடுவான். இந்த ஒன்றை மட்டும் அவனால் முடியவில்லை.

"எதுக்குல இப்படி நடுங்குத?"

"நீ மாட்டேன்னு சொல்லிருவியோன்னு."

"மாட்டேன்னு சொல்லல" என்றாள். "பைய எறக்கி வை. தோள்பட்ட போயிரும்."

அவள் விளக்கு என்ன நிறம் என்று பார்க்க அவன் மறந்தே போனான்.

கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அண்ணனும் மதினியும் வந்தார்கள். மதினி தூக்குச்சட்டி நிறைய உளுந்தங்களி கொண்டுவந்தார். அமீனும் கோயில்பிள்ளையும் சாட்சி. பதிவாளர் கண்ணாடி போட்ட, அன்பான ஒரு பெண்மணி. சட்டம் என்னவோ அவர் கையில் இல்லை. மணமக்கள் இருவரும் சம்மதம் சொல்லும்போது இரண்டு விளக்கும் பச்சையாக எரிந்தால்தான் முத்திரை விழும். கட்டாயக் கல்யாணங்களை ஒழிக்க வந்த நல்ல சட்டம் அது.

இசக்கி சொன்னாள். பச்சை.

"மாப்பிள்ளை, உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்" என்றான் வெயிலுமுத்து. மஞ்சள்.

பதிவாளர் தண்ணீர் கொடுத்தார். "பதட்டப்படாதீங்க தம்பி. மறுபடி சொல்லுங்க."

"சம்மதம்ங்க." மஞ்சள், ஓரத்தில் சிவப்பு.

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். அண்ணனையும் மதினியையும் ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "தம்பி, யாராவது வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தாங்களா? பயப்படாம சொல்லுங்க" என்றார்.

"ஐயோ, இல்ல மேடம்!" என்று பதறினான். சுத்தச் சிவப்பு.

"அவன் ஒலகத்துலயே இதுக்குத்தான் மேடம் ஆசப்பட்டான்!" என்று அமீன் முன்னே வந்தான். அவன் விளக்கு பளிச்சென்று பச்சை. அதனால் என்ன பயன்?

"இன்னும் ஒரு தடவைதான் கேக்க முடியும்" என்றார் பதிவாளர் வருத்தத்தோடு. "அதுவும் பச்சை வரலேன்னா அடுத்த வருஷம்தான் மனு போடணும். நான் ஒன்னும் செய்ய முடியாது."

இசக்கி அவன் காதருகே குனிந்தாள்.

"ஏல, இங்க பாரு. இது மேசை. ஒங்கையில ஒரு மண்ணும் இல்ல. ஒனக்கு என்னயப் பிடிக்கவே பிடிக்காது. இந்தம்மாவ ஏமாத்தணும், அம்புட்டுதான். எல்லாத்தையும் நடுவுல தள்ளு."

அவன் கண்ணை மூடினான். திறந்தபோது அது ஞாயிற்றுக்கிழமை முகம். வேர்வை நின்றிருந்தது. பதிவாளரை நேராகப் பார்த்து, ஒரு சின்னப் புன்னகையோடு, "சம்மதம் மேடம். என் முழு மனசோட" என்றான்.

பச்சை. ஆடாத, அசையாத பச்சை.

முத்திரை விழுந்தது. கோயில்பிள்ளை எழுப்பிய சத்தத்தில் வெளியே காத்திருந்த அடுத்த ஜோடி எட்டிப் பார்த்தது. பதிவாளர் நிம்மதியாக மூச்சு விட்டு, காகிதத்தை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

"இந்த உண்மைய மொதல்லயே சொல்லிருந்தா இவ்ளோ பாடு வேண்டாம்லா?" என்று செல்லமாகக் கடிந்துகொண்டார்.

வெயிலுமுத்து கையெழுத்துப் போடக் குனிந்தான். முகத்திலிருந்த விறைப்பு கழன்றுவிட்டது, கழுத்துப்பட்டியில் மஞ்சள் மெல்ல ஏறிக்கொண்டு வந்தது. பதிவாளர் நிமிர்வதற்குள் இசக்கி கையை நீட்டி, சட்டையைச் சரிசெய்கிறவள்போல, அந்த விளக்கைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.